பொம்மை ரயிலேறிய பீமன்

புத்தூருக்கும் கார்வேட்டிநகரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மாசிலாமணியை வருஷத்தில் ஒரு நாள் தவிர மற்ற நாளெல்லாம் யார் வேண்டுமானாலும் திட்டலாம். ஆட்களைப் புளிமூட்டை போல அடைக்கிறார் என்று திட்டலாம். இதோ கிளம்பிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே டீ குடிக்கப் போய்விடுகிறார் என்று திட்டலாம். அந்த ஒரு நாள் மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு அவர் பீமன்.

அவருடைய ஊரில் திரௌபதியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் பாரதம் வைப்பார்கள். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகிற அன்று, பீமன் வேஷம் கட்டியவர் மாட்டு வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சமைத்ததைக் கொண்டுவந்து வண்டியில் போடுவார்கள். பீமன் அதில் ஒரு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைக் கூட்டத்துக்கு வாரி இறைப்பார். இதற்கு ஊரில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, எந்த வீட்டுச் சோற்றையும் வேண்டாம் என்று தாண்டக் கூடாது. இன்னொன்று, கடைசிக் கவளத்தைப் பீமன் தின்னக் கூடாது, அது ஊருக்கு. அதை எறியும்போது கைநீட்டிப் பிடித்தவர் அந்த வருஷம் முழுக்கப் பீமனுக்குக் கட்டுப்பட்டவர், எதிர்த்து ஒரு சொல் பேசக் கூடாது. அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்குக்கூட இவ்வளவு சுலபமாக எதிர்க்கட்சியை அடக்கும் வழி தோன்றவில்லை.

மாசிலாமணிக்கு இந்தப் பதவி தேர்தலில் நின்று வந்ததல்ல. தன் கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு பந்தியில் உட்கார்ந்தவர், பெண்ணழைத்துப் போகும் வண்டி வந்து நின்ற பிறகும் இலையை மடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மணப்பெண் கன்னிகா தலையைக் குனிந்துகொண்டார். எதிர்வரிசையில் இருந்த கோயில் கமிட்டியார் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். அந்தச் சித்திரையிலேயே அவரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு அவர் இறங்கவில்லை.

போன வருஷம்தான் அந்த அபகீர்த்தி நேர்ந்தது. அதற்குச் சில மாதம் முன்பு புத்தூர் டாக்டர் அவருடைய ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார். வண்டி கீழத்தெருவில் கமலம்மா வீட்டு முன்னால் நின்றது. கமலம்மா ஒரு குண்டான் நிறைய சேமியா பாயசத்தோடு வந்தார். மாசிலாமணி அதைப் பார்த்தார், பின்னால் நடந்துவந்த மனைவியைப் பார்த்தார், பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். பாயசத்தைக் கண்டு கும்பிட்ட பீமனை அந்த ஊர் அதற்கு முன்னால் கண்டதில்லை. கமலம்மா குண்டானை அப்படியே உள்ளே எடுத்துக்கொண்டு போனார். அன்று முதல் மாசிலாமணியின் ஆட்டோவில் அவர் கால் வைக்கவில்லை. ஆட்டோ வரும்போது, பஸ் வரவே முடியாத திசையில் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

இந்த வருஷம் பாரதத்துக்கு நாள் குறித்ததும் கமிட்டித் தலைவர் ஆதிநாராயணன் துண்டை உதறினார். அவர் துண்டை உதறினால் தீர்ப்பு வருகிறது என்று பொருள். மாந்தோப்பு வைத்திருப்பவர், காயைத் தட்டிப் பார்த்தே பழுக்குமா வெம்புமா என்று சொல்வது போல மனிதர்களையும் சொல்லிவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. சர்க்கரை வந்த பீமன் சாமிகுற்றம் என்றும், பிள்ளைகளில் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பார்க்க அதிக தூரம் போகவில்லை. மாசிலாமணியின் பங்காளி மகன் தீனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை, சாயங்காலம் ஜிம், ஞாயிற்றுக்கிழமை ஊர் டீமுக்கு விக்கெட் கீப்பர். அவன் கைக்கு வந்த பந்து தரையைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. தோளைப் பார்த்தால் பீமன். வயிற்றைப் பார்த்தால் ஏகாதசி.

மாசிலாமணி ஊர் நடுவில் நின்று, தன்னைச் சோதித்துப் பார்க்காமல் வண்டியை விட்டு இறக்கினால் ஆட்டோவைக் கோயில் வாசலில் குறுக்கே நிறுத்திவிடுவேன் என்றார். தீனா பெருந்தன்மையாக ஒரு யோசனை சொன்னான். அவன் கம்பெனியில் குடும்ப தினம் வருகிறது. திருப்பதி பக்கம் ஒரு தீம் பார்க்குக்கு எல்லோரையும் அழைத்துப் போகிறார்கள். வராதவர்களின் பாஸையும் அவன் வாங்கி வைத்திருக்கிறான். உள்ளே எந்தக் கடையில் வேண்டுமானாலும் தின்னலாம், எல்லாம் கம்பெனி கணக்கு. ஆதிநாராயணன் துண்டை உதறினார்.

"உள்ள எத்தினி கடை கீதோ அத்தினியும் வூடு. ஒரு வூட்டையும் தாண்டக் கூடாது. யாரு முடிக்கிறாங்களோ அவங்களுக்கு வண்டி."

இதைக் கேட்ட மாசிலாமணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதற்குக் காரணம் வீரம் மட்டுமல்ல. புத்தூர் பைபாஸில் அந்தப் பார்க்கின் விளம்பரப் பலகை ஒன்று பல மாதமாக நிற்கிறது. அதில் குழந்தை தலை அளவுக்கு ஒரு பர்கர். மேல் ரொட்டிக்கும் கீழ் ரொட்டிக்கும் நடுவில் மஞ்சள் சீஸ் அருவியாக வழியும். ராட்சச பர்கர் என்று பெயர். மாசிலாமணி தினமும் அதன் எதிரில் ஆட்டோவை நிறுத்துவார். ஆள் சேர்க்க நிறுத்துகிறார் என்று பயணிகள் நினைத்துத் திட்டுவார்கள். ஆன்மிகம் யாருக்குப் புரிகிறது.

குடும்ப தினத்தன்று காலையில் வேன் கிளம்பியது. போட்டியாளர் இருவர், தலைவர், கமிட்டி ஆட்கள், கன்னிகா, எல்லோரும் ஏறினார்கள். கடைசியாக, பாதிக்கப்பட்ட தரப்பு என்ற முறையில் கமலம்மாவும் ஏறி, மாசிலாமணிக்கு முதுகு காட்டுகிற சீட்டாகத் தேடி உட்கார்ந்தார்.

பார்க் வாசலில் முதல் தடை. வெளி உணவு உள்ளே விடமாட்டார்களாம். கன்னிகா தூக்கி வந்திருந்த புளிச்சோற்று அடுக்கை வாங்கி வைத்துக்கொண்டு, போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு டோக்கன் கொடுத்தார்கள். எந்தக் காலத்திலும் புளிச்சோறு இல்லாமல் வேன் ஏறாத கன்னிகா, பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அடுத்து, ஒரு பெண் எல்லோர் மணிக்கட்டிலும் மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். அதைக் காட்டினால்தான் கடைகளில் தருவார்கள். தீனா செல்போனைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான். மாசிலாமணி அப்படிச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றினார், கிழக்கே பார்த்து நின்றார், கண்ணை மூடி வலது கையை நீட்டினார். ஒட்டியதும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கழற்றிய செருப்பை மனைவியின் பையில் போட்டுவிட்டார். காப்புக் கட்டியவர் செருப்பு போடக் கூடாது.

உடனே தலைவரிடம் ஒரு சந்தேகமும் கேட்டார்.

"காப்பு கட்டியாச்சிண்ணே. கவிச்சி துன்னலாமா?"

ஆதிநாராயணன் தன் மணிக்கட்டையும் ஒருமுறை திருப்பிப் பார்த்து யோசித்தார். மஞ்சள் நூலில் கட்டினால்தான் அம்மன் காப்பு, பசை போட்டு ஒட்டியது கம்பெனி காப்பு, அதற்குக் கோழி ஆகும் என்று தீர்ப்பானது. ஆகமத்தில் இருந்த ஒரு பெரிய ஓட்டை அன்று அடைபட்டது.

கன்னிகா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். கடைக்கு ஒரு வாய். அதற்கு மேல் பல்லில் பட்டால் மாத்திரை அட்டையோடு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். ஆட்டோக்காரரிடம் பஸ் பிடிப்பேன் என்று சொல்வதைவிடக் கடுமையான மிரட்டல் கிடையாது.

போட்டி தொடங்கியது. கடைகள் ஒரு பெரிய வட்டமாக இருந்தன. வட்டத்தைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் தண்டவாளம். ரயில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, கூவிக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் சுற்றி வந்தது. மேலே ராட்டினத்தில் தொங்கியவர்களின் அலறலும் கீழே எண்ணெய்ச் சட்டியின் சத்தமும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டன. காற்றில் வெண்ணெய், வெங்காயம், சாக்லேட், கோழி எல்லாம் கலந்த ஒரு வாசனை. மாசிலாமணி அதை மூச்சை இழுத்து உள்ளே வாங்கினார். மூக்கால் வாங்குவது வாயில் சேராது என்று கன்னிகா விட்டுவிட்டார்.

முதல் கடையில் சோளப்பொரியைச் சீஸில் புரட்டிக் கொடுத்தார்கள். இரண்டாவதில் உருளைக்கிழங்கைச் சுருள் சுருளாக அறுத்துக் குச்சியில் கோத்து, பாம்பாட்டி பாம்பைக் காட்டுவது போலக் காட்டினார்கள். அடுத்ததில் கோழித் தொடை, செக்கச்செவேல் என்று. மாசிலாமணி ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, தாடையை மெதுவாக அசைத்து, அது தொண்டையில் இறங்கும் வரை துணைக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மிச்சத்தைக் கன்னிகா கேட்டு வாங்கியிருந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே போனார்.

தீனாவின் வழி வேறு. கொடுத்ததை முழுசாகத் தின்பதுதான் வீரம் என்று அவன் நினைத்தான். சோளப்பொரி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டான். உருளைச் சுருளைக் குச்சியோடு உருவினான். நூடுல்ஸ், மோமோ, காலிஃபிளவர் மஞ்சூரியன் என்று சுத்தமாக முடித்துவிட்டு, பெரியப்பாவைத் தாண்டிப் போகும்போது சிரித்தான்.

"இன்னா பெரிப்பா, டாக்டரு அளவு சொல்லிக் குடுத்தாரா துன்ன? கொறிச்சிக்கினே போறியே."

மாசிலாமணியின் வாயில் வாஃபிள் இருந்தது. அதை நடுவழியில் விட்டுவிட்டுப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை.

மத்தியானம் ஆனபோது நிலைமை மோசமானது. வயிற்றுக்கு ஒன்றுமில்லை, கால்தான். வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நின்றவருக்குத் தோசைக்கல்லில் நிற்பது போல இருந்தது. பெட்டி வேறு நிறைந்து கனத்தது. ஒரு நிழலுக்கும் அடுத்த நிழலுக்கும் நடுவில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சிலர் அதுவும் பார்க்கின் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பாதி வட்டம் இன்னும் மிச்சம். தீனாவுக்கோ ராட்சச பர்கர் கடை ஒன்றுதான் பாக்கி. ஆதிநாராயணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். இன்னும் உதறவில்லை, அவ்வளவுதான்.

செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கன்னிகா கெஞ்சினார். மாசிலாமணி தலையாட்டினார். அப்போது பொம்மை ரயில் கூவிக்கொண்டு வந்து எதிரில் நின்றது. கடைசிப் பெட்டிக்குக் கூரை இல்லை. பக்கமெல்லாம் திறந்து, குட்டையாக, சிவப்புச் சாயம் அடித்து, ஏறக்குறைய மாட்டு வண்டி போலவே இருந்தது. மாசிலாமணியின் கால்கள் யாரையும் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதருகே வந்தன. ரயில் நகர்ந்தது.

உருளும் வண்டி, மடியில் சோறு, சுற்றிலும் பார்க்கும் முகங்கள். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்த உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அதற்கே தெரிந்திருந்தது. இடது கை மீசையை முறுக்கியது. வலது கை பெட்டிக்குள் போய், உருளைக்கிழங்கு வறுவலை ஒரு பிடி அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு குழந்தையின் தொப்பியில் வறுவல் விழுந்தது. பிறகு, வடமாலபேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துப் பெண் தன் புருஷனின் முதுகில் தட்டி, "பீமுடு ஒச்சாடு," என்று பீமன் வந்துவிட்டதைச் சொன்னாள். அவர்கள் ஊரிலும் பாரதம் உண்டு. அந்த அம்மாள் கையிலிருந்த பாதி பீட்சாவைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் பெட்டியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாசிலாமணி அதில் ஒரு வாய் கடித்தார். மிச்சம் பறந்தது.

அவ்வளவுதான், பார்க் முழுக்கத் தீப்பிடித்துக்கொண்டது. நகரிக்காரர்கள் வந்தார்கள், சத்தியவேட்டுக்காரர்கள் வந்தார்கள், எந்த ஊர் என்றே தெரியாதவர்களும் பஞ்சு மிட்டாயோடு ஓடி வந்தார்கள். ராட்டினத்துக்கு நின்ற வரிசை கலைந்து தண்டவாளத்துக்கு வந்தது. கோழி பறந்தது, மோமோ பறந்தது, சாக்லேட் தோய்த்த எதுவோ பறந்து ஒரு பொம்மைக் கரடியின் மூக்கில் ஒட்டியது. வறுவல் கிடைத்தவர்கள் அதில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கென்று வைத்துக்கொண்டார்கள். ரயில் ஒவ்வொரு கடை முன்னாலும் போகப் போக, கடைக்காரர்களே தட்டை நீட்டினார்கள். ஒரு கடையும் தாண்டப்படவில்லை. கன்னிகா ரயிலோடு நடந்தபடி, ஒரு வாய், ஒரு வாய் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுற்றி வந்த கூட்டம் அதை மந்திரம் என்று எடுத்துக்கொண்டு கூடவே சொல்ல ஆரம்பித்தது.

செக்யூரிட்டி ஒருவர் ஓடி வந்தார். ரயிலில் தின்பண்டம் கூடாது, "கிந்தக்கி திகண்டி" என்று இறங்கச் சொன்னார். யாரோ அவர் காதில் பீமன் என்றார்கள். அவரும் புத்தூர்ப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாட்டிக்கொண்டு, விசிலை ஊதி, பீமனுக்கு முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடந்தார். விதிமுறைக்கு மேல் ஒரு விதிமுறை இருக்கிறது என்பதை அறிந்த அதிகாரி அவர்.

ஐஸ்கிரீம் கடைக்கு எதிரில் கூட்டம் சற்று விலகியது. அங்கே கமலம்மா நின்றிருந்தார். கையில் ஒரு கோப்பை. வெண்ணிலா மேல் சேமியாவும் பருப்பும் தூவியிருந்தது. அவர் நேராக மாசிலாமணியின் முகத்தைப் பார்த்து, கோப்பையை நீட்டினார்.

"பாயசம் இல்ல. சேமியா கீது."

மாசிலாமணி பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தார். கன்னிகாவுக்கு அந்த நேரம் பார்த்து ராட்டினத்தில் ஏதோ சுவாரசியமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசிலாமணி கோப்பையை வாங்கி, ஒரு வாய் எடுக்கவில்லை. முழுதும் தின்றார். அடியில் உருகிக் கிடந்ததையும் அண்ணாந்து குடித்தார். கமலம்மா காலிக் கோப்பையை வாங்கி, குப்பைத் தொட்டியில் போடாமல் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசிக் கடை வந்தது. தீனா அதன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ராட்சச பர்கர், கை படாமல். அவன் அதைப் பார்த்த பார்வையில் பகை இல்லை, பயம்தான் இருந்தது. முழுசு முழுசாகத் தின்றது கழுத்துவரை நின்றது. இடுப்பு பெல்ட்டை அவிழ்த்துவிட்டிருந்தான்.

ரயில் நின்றது. கன்னிகா கடையில் வாங்கி, மாசிலாமணியின் கையில் அவருடைய ராட்சச பர்கரைக் கொடுத்தார். பலகையில் பார்த்ததேதான். சூடாக, கனமாக, ஓரத்தில் சீஸ் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் வெயிலில் ஆட்டோவை நிறுத்திப் பார்த்தது. அவர் அதை முகத்துக்கு நேரே உயர்த்தினார். வாய் திறந்தது. வண்டி கடைசி வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்த கூட்டம் அப்போது ஊர் வழக்கப்படி கை நீட்டிக் கூச்சலிட்டது.

அந்தக் கூச்சலைக் கேட்டால் பீமனின் கை ஒன்றைத்தான் செய்யும். வாய் திறந்தபடியே இருக்க, கை எறிந்துவிட்டது.

பர்கர் நல்ல உயரத்தில் போனது. சீஸ் ஒரு நூலாகப் பின்னால் நீண்டது. கூட்டத்தைத் தாண்டி, பெஞ்சுக்கு நேராக இறங்கியது. தீனாவுக்கு யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் ஒதுங்கியிருப்பான். ஆனால் கைக்கு வருகிற எதையும் தரையில் விடாத பிள்ளை. இடப்பக்கம் பாய்ந்து, ஒரு கீரை இலைகூட உதிராமல், இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்த பிறகுதான் என்ன பிடித்தோம் என்று தெரிந்தது.

ஆதிநாராயணன் துண்டை உதறினார்.

தீனா தன் பர்கரைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு, பிடித்ததோடு எழுந்து வந்து சட்டம் பேசினான். பெரியப்பா அந்தப் பர்கரைத் தின்னவே இல்லையே, ஒரு வாய்கூட வைக்கவில்லையே, அப்புறம் எப்படி முடித்ததாகும் என்று கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆதிநாராயணன் பொறுமையாக, கடைசிக் கவளத்தை எந்த வருஷத்துப் பீமன் தின்றான் என்று திருப்பிக் கேட்டார்.

"நீ கைய நீட்டிப் புட்சியா, இல்லியா?"

"புட்சேன்."

"அப்ப வாய மூடு. அடுத்த சித்திரை வரைக்கும்."

தீனா வாயை மூடினான். ஊர் விவகாரத்தில் ஒரு இளைஞன் இவ்வளவு சீக்கிரம் வாயை மூடியதற்கு முன்னுதாரணம் இல்லை.

சாயங்காலம் வேன் திரும்பியது. வாசலில் டோக்கனைக் கொடுத்துக் கன்னிகா புளிச்சோற்று அடுக்கை மீட்டுக்கொண்டார். கமலம்மா தன் பழைய சீட்டை விட்டுவிட்டு மாசிலாமணிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, திங்கட்கிழமை கார்வேட்டிநகரம் சந்தைக்கு எத்தனை மணிக்கு ஆட்டோ எடுப்பார் என்று கேட்டார். வேன் முழுக்கப் பேச்சு. கரடியின் மூக்கைப் பற்றியும் செக்யூரிட்டியின் விசிலைப் பற்றியும் ஒரே நேரத்தில் எல்லோரும் சொன்னார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை.

மாசிலாமணிக்குப் பதவி பிழைத்தது, வண்டி அவருடையது. ஆனால் பக்கத்துச் சீட்டில், தீனாவின் மடியில், அவன் பிடித்த பர்கர் காகிதத்தில் சுற்றி இருந்தது. வேன் குலுங்கியதில் அவனுக்கு வயிறு சற்று இறங்கியிருந்தது. பிரித்தான். வாசனை வேன் முழுக்கப் பரவியது. நல்ல பிள்ளை, இரண்டாகப் பிய்த்துப் பாதியைப் பெரியப்பாவிடம் நீட்டினான்.

மாசிலாமணி கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். எறிந்த கவளத்தைப் பீமன் திருப்பி வாங்கக் கூடாது. முன் சீட்டில் ஆதிநாராயணனின் பின்னந்தலை கவனித்துக்கொண்டிருந்தது.

கன்னிகா அடுக்கைத் திறந்து புளிச்சோற்றைக் கையில் கொடுத்தார். காலையிலிருந்து ஒவ்வொரு வாயாகவே தின்றவர், நல்ல பசி. ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"உள்ள இன்னா வச்சிக்கிறான்?"

தீனா கடித்துப் பார்த்துச் சொன்னான். கோழியை வடை மாதிரித் தட்டிப் பொரித்திருக்கிறான். மேலே வெங்காயம். மாசிலாமணி தலையாட்டி ஒரு கவளம் போட்டுக்கொண்டார். ரொட்டியில் எள்ளு தூவியிருக்கிறான். இன்னொரு கவளம். நடுவில் ஊறுகாய் வைத்திருக்கிறான் என்றதும் மாசிலாமணியின் கை நின்றது.

"இன்னா ஊறுகா?"

"வெள்ரிக்கா, பெரிப்பா."

மாசிலாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெள்ளரிக்காயில் ஊறுகாய் போடுகிறவனிடம் தான் எதையும் இழந்துவிடவில்லை என்று கன்னிகாவிடம் சொன்னார். அந்த முடிவிலேயே உறுதியாக வடமாலபேட்டை வரைக்கும் வந்தார். வேன் புத்தூர் பைபாஸில் அந்த விளம்பரப் பலகையைத் தாண்டியபோது கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, தீனாவின் பக்கம் சாய்ந்தார்.

"டேய், அந்தச் சீஸு மட்டும் எப்பிடிடா கீது? நெதானமா சொல்லு."